கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்

மார்ச் 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம். நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், எழுதிவிட்டேன். ஊரார் கண்ணையெல்லாம் கடையில் சோதிக்கிறவள் நீ, என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பயிற்சி நிலையத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பன்னிரண்டு கட்டில்கள், பன்னிரண்டு வீல்சேர்கள். எல்லாருக்கும் என்னைப் போல முதுகுத் தண்டில்தான் அடி. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் புண் வரும். பயிற்சி கொடுக்கும் பிசியோ அம்மா சொல்வார், "இடுப்புக்குக் கீழ உங்க உடம்பு உங்களுக்குத் தகவல் சொல்லாது. நீங்கதான் போய் விசாரிக்கணும்." அதனால் தினமும் காலையில் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என் பின்பக்கத்தை நானே விசாரிக்கிறேன். மாப்பிள்ளை அழகு பார்க்கிற மாதிரிதான்!

நேற்று தொடையில் ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. பார்த்தால் சட்டைப் பட்டன். நாள் முழுக்க ஒரு பட்டன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. லிப்ட் குழியில் மூன்று மாடி விழுந்தபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. அது ஒரு நொடியில் முடிந்துபோனது. இது தினமும் இருக்கிறது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதுதான் இங்கே பெரிய பரீட்சை. நடுவில் ஒரு வழுக்குப் பலகையைப் போட்டுத் தானாக நகர வேண்டும். எனக்கு வரவில்லை. பலகை நழுவுகிறது. இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீ கவலைப்படாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
லிப்ட்காரன்


மார்ச் 17

அன்புள்ள லிப்ட் மெக்கானிக்குக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தேன், பட்டனைப் படித்து அழுதேன். இனிமேல் பட்டன் இல்லாத சட்டைதான் உங்களுக்கு.

ஒரு கூத்து கேளுங்கள். இரண்டு வருடமாக ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து உங்களைத் திருப்பிப் படுக்க வைத்த பழக்கம் போகவில்லை. நீங்கள் போன முதல் வாரம் தூக்கத்திலேயே தலையணையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். இப்போது விடியும்வரை தூங்குகிறேன். விழித்ததும் பக்கத்தில் கையால் தேடுகிறேன், ஐயோ, திருப்பவில்லையே என்று. அப்புறம் நீங்கள் இங்கே இல்லை என்பது ஞாபகம் வந்து நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் அக்கா வந்திருந்தார். "மகராசி, நீ மட்டும் இல்லன்னா என் தம்பி என்ன கதி ஆயிருப்பான்" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் விழுந்த அன்று காலையில் நாம் பேசியது அவருக்குத் தெரியாதே.

நாமும் அதைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். மாதக் கடைசியில் பெண்கள் விடுதிக்குப் போகிறேன், இனி சேர்ந்து இருக்க முடியாது என்று சொன்னேன். பத்து வருடத்தில் நீங்கள் என்னோடு பேசியதைவிட லிப்டோடு பேசியது அதிகம் என்றும் சொன்னேன். நீங்கள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சரி, போ" என்றீர்கள். பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. அதன் பிறகு நான் போகவும் இல்லை, நீங்கள் கேட்கவும் இல்லை.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வீடு காலியாக இருப்பதால் இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 2

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய்? அது முடிந்துபோன கதை.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு டிரில் மாஸ்டர் வந்திருக்கிறார். பள்ளிக்கூடக் கூரையில் மாட்டிக்கொண்ட பந்தை எடுக்கப் போய் விழுந்தவர். எனக்குத் தொப்புளுக்குக் கீழேதான் உணர்ச்சி இல்லை, அவருக்கு மார்புக்குக் கீழேயே இல்லை. படுத்தபடியே எல்லாரையும் அதிகாரம் செய்கிறார். "லிப்ட், நிமிர்ந்து உக்காருய்யா! என்ன அது கூனல்?" என்று விசில் இல்லாத குறையாகக் கத்துகிறார். பிசியோ அம்மாவே அவருக்குப் பயப்படுகிறார்.

என் கதை அப்படியேதான் இருக்கிறது. நாற்காலிக்கு மாற முடியவில்லை. ஆறு மாதம் ஆகலாம் என்கிறார்கள், வராமலே போனாலும் ஆச்சரியம் இல்லையாம். நேற்று பலகை நழுவிக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் தொங்கினேன். கீழே தரை தெரிந்தது. குழியைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இங்கே துணைக்கு இருப்பவர்களுக்குத் தனி அறை தருகிறார்கள். நீ லீவு போட்டு வந்து கூட இருக்க முடியுமா? நீ பக்கத்தில் இருந்தால் பயம் இருக்காது.

காத்திருக்கும்
லிப்ட்காரன்


ஏப்ரல் 11

அன்புள்ள லிப்ட் மெக்கானிக்குக்கு,

மே ஒன்றாம் தேதி வருகிறேன். சம்பளம் இல்லாத லீவு, மூன்று மாதம். அதற்கு மேல் என்றால் வேலையை விட வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் முதலாளி பக்கத்து ஊரில் புதுக் கிளை திறக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "நீங்களே பொறுப்பா பாத்துக்கங்கம்மா, உங்களவிட்டா எனக்கு ஆள் இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எந்த அலமாரியை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வந்தால் உங்கள் கடிதம். மறுநாள் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை, அவருக்குத்தான் தெரியுமே.

வருத்தம் இல்லை என்றால் பொய். ஆனால் வருத்தத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. என் இடுப்பு முன்னே மாதிரி இல்லை. போன மழைக்காலத்தில் உங்களைக் குளியலறையில் கீழே போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றீர்கள். உங்களுக்கு வலிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. மறுபடியும் தூக்க வேண்டும் என்று நினைத்தால் இப்போதே கை வியர்க்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி


ஏப்ரல் 20

அன்புள்ளவளே,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

முந்தாநாள் மத்தியானம், வார்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். டிரில் மாஸ்டர், "லிப்ட், தலை பொளக்குதுய்யா" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகம் ரத்தச் சிவப்பு, நெற்றியில் வியர்வை கொட்டுகிறது. அவருக்கு அடிபட்ட இடத்தில் அடிபட்டவர்களுக்கு இது வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்துக்கொண்டாலே போதும், ரத்த அழுத்தம் தறிகெட்டு ஏறும், உயிரே போகலாம். மணியை அழுத்தினேன், யாரும் வரவில்லை. கத்தினேன், வரவில்லை. அவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது.

நான் பலகையைப் போட்டேன். நாற்காலிக்கு மாறினேன். அவர் கட்டிலுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை நிமிர்த்தினேன். குழாய் கட்டில் சட்டத்தில் மாட்டி மடங்கியிருந்தது, எடுத்து நேராக்கினேன். குழாயின் முனையில் தொங்கிய பை நிரம்ப நிரம்ப அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

கண்ணைத் திறந்ததும் மனிதர் கேட்ட முதல் கேள்வி: "யோவ், நீ எப்படிய்யா இங்க வந்த?"

பிசியோ அம்மா வந்தார், விஷயம் கேட்டார், என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஒரு மாசமா என்ன ஏமாத்துனீங்களா?" என்றார். உனக்குப் போன் செய்யக் கிளம்பிவிட்டார். நானே சொல்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

எனக்கு மாறத் தெரியும். முதல் கடிதம் எழுதினேனே, அன்று காலையில்தான் யாரும் இல்லாதபோது முதல் தடவையாக நானாகவே மாறினேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் சந்தோஷம். அப்புறம் கட்டிலுக்கே திரும்பிவிட்டேன். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டால் நீ எழுந்து போய்விடுவாய் என்று தோன்றியது. போகாமல் உன்னைப் பிடித்து வைத்திருந்தது என் கால்தான், நான் இல்லை. அதனால் அவர்கள் முன்னால் வேண்டுமென்றே நழுவினேன். ஆறு மாதம் என்று யாரும் சொல்லவில்லை, நானாக எழுதினேன்.

அன்று காலையில் நான் தலையைத் தூக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. தூக்கினால் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்ற பயம். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. திட்ட வேண்டும் போல இருந்தால் திட்டு.

பொய்க்காரன்


ஏப்ரல் 27

கணவருக்கு,

திட்ட வார்த்தை இல்லை. இருந்த வார்த்தையெல்லாம் உங்கள் கடிதத்தைக் கிழித்தபோதே செலவாகிவிட்டது. கிழித்துவிட்டு ஒட்டித்தான் மறுபடியும் படித்தேன்.

எனக்குக் கிடைத்த வேலையை நான் வேண்டாம் என்று சொன்னது எதற்காக? உங்களால் முடியும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்துக்காக. என் இடுப்பு, என் தூக்கம் எல்லாவற்றையும் இரண்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தும் வா என்று எழுதினீர்கள். காலில் விழுந்து கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன், காலைக் காட்டிக் கேட்டீர்களே.

நான் ஒன்றும் மகராசி இல்லை. இந்த இரண்டு வருடம் இருந்தது பாசமா, பரிதாபமா, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமா என்று எனக்கே தெரியவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டே இருக்கும்வரை அது தெரியப் போவதும் இல்லை. அதனால் வரவில்லை. நேற்று முதலாளியிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நல்லவேளை, வேறு ஆள் போடவில்லை. மே முதல் வாரம் புதுக் கடை. மேலேயே ஒரு அறை இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் எங்கே எப்படி இருப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டு மாதம் எனக்கு எழுத வேண்டாம். டிரில் மாஸ்டரைக் காப்பாற்றியது நல்ல காரியம். அதை மட்டும் உங்கள் அக்காவிடம் சொன்னேன்.

இவள்


ஜூன் 29

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இரண்டு மாதம் முடிந்து இரண்டு நாள் கூட ஆகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

மே கடைசியில் தனி வீடு பார்த்துக்கொண்டேன். தரைத்தளம், ஒரே அறை, வாசலில் சாய்தளம். அக்கா அவர் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று ஒரே அழுகை. மாட்டேன் என்றேன். பழைய கம்பெனியில் லிப்டின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கும் மேஜை வேலை கொடுத்திருக்கிறார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் உடம்பைத் தூக்கி இறக்குவதைப் பார்த்து, முதல் நாள் எல்லாரும் நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. பயமும் என்னோடுதான் குடியிருக்கிறது, வாடகை மட்டும் தருவதில்லை. டீ போட்டால் மடியில் கொட்டிக்கொண்டு தெரியாமல் இருப்பேனோ என்று பயம். கைக்கண்ணாடியை எடுக்க தினமும் பயம். போன சனிக்கிழமை காலை குளியலறை வாசலில் விழுந்தேன். இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. உடைந்திருக்கிறதா என்று அதற்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? கையால் தடவித் தடவி விசாரித்தேன், உடையவில்லை. ஊர்ந்து போய்ப் போனை எடுத்தேன். உன் நம்பர்தான் முதலில் வந்தது. அழுத்தவில்லை. பதினொரு மணிவரை முயற்சி செய்வது, முடியாவிட்டால் வீட்டுக்காரரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். சின்ன ஸ்டூல் மேல் ஏறி, அதிலிருந்து கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தபோது மணி பத்தே முக்கால். விழுந்தது ஒன்பதுக்கு முன்னால். பெரிதாக அழுதேன். அப்புறம் பசித்தது.

இதை நீ இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. இதுவரை முடியாததை மட்டுமே உனக்கு எழுதியிருக்கிறேன். முடிந்ததையும் எழுத வேண்டும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாயா? விருந்தாளியாக. நீ எதுவும் செய்ய வேண்டாம். டீ நான் போடுவேன், சுமாராகத்தான் இருக்கும். பேசுவேன். பத்து வருடம் லிப்டோடு பேசியதையெல்லாம் உன்னிடம் சொல்கிறேன். வந்தால் மணியை அடி. நான் வந்து கதவைத் திறக்க நாலைந்து நிமிடம் ஆகும். கதவு சும்மா சாத்தியிருந்தாலும் தள்ளிக்கொண்டு உள்ளே வராதே. கொஞ்சம் நில். நானே திறக்கிறேன்.

வராவிட்டாலும் கோபம் இல்லை. பயம் இருக்கும், அது என் பாடு.

லிப்ட்காரன்


ஜூலை 5

அன்புள்ள உங்களுக்கு,

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன், மறுநாள் கடை இருக்கிறது. அதற்கு அடுத்த ஞாயிறு பற்றி இப்போது கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மணி அடித்த பிறகு உள்ளே நீங்கள் விழுகிற சத்தம் கேட்டால் நான் என்ன செய்வது என்று எழுதவில்லை. நாலு நாளாக எனக்கு அதே யோசனை. கடையில் ஒருவருக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

முடிவு செய்துவிட்டேன். சத்தம் கேட்டாலும் நிற்பேன். என் கை கதவுக்குப் போகும், போகாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொள்வேன். நீங்கள் வாய் திறந்து என்னைக் கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருவேன்.

உங்கள்
கண்ணாடிக்காரி