சைரனுக்குப் பிறகு அடித்த பந்து

என் உயிரான அண்ணா,

நாளைக்கு எனக்குக் கடைசிச் சுற்று. பெண்களுக்கான மாநில அமெச்சூர் கோல்ஃப் பட்டம், மூன்றாவது தடவையாக ஆடுகிறேன். மற்றவர்களைவிட ரெண்டு அடி குறைவாக எடுத்து முன்னால் இருக்கிறேன். நீ இருந்தால் குதித்திருப்பாய். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நீ தூக்கிய என் கோல்ஃப் மட்டைப் பையை இப்போது அண்ணி தூக்குகிறாள். மூன்று நாளாக மதியம் ஆனால் வானம் கறுத்துக்கொள்கிறது. இடி எங்கேயோ உருள்கிறது, மழை மட்டும் இல்லை. நாளைக்கு வருமாம்.

இன்று பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணி சொன்னாள்: “விஜி, வானத்தப் பாத்தியாடி. போன வருஷம் சைரனை நேரத்துக்கு ஊதியிருந்தா உங்கண்ணன் இருந்திருப்பாரு. அந்த வாட்ச்மேன் நல்லா இருப்பானா?”

நான் தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவர் நேரத்துக்குத்தான் ஊதினார் அண்ணா. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மின்னல் சைரன் கேட்டால் ஆட்டத்தை அப்படியே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். கடைசிக் குழி. கூட ஆடியவர்கள் முடித்துவிட்டு மழைக்கு ஓடிவிட்டார்கள். என் பந்து மட்டும் நாலெட்டு தூரத்தில் கிடந்தது.

“வேணாண்டி, ஊதிட்டான், வா போலாம்” என்றாய்.

“ஒரே ஒரு ஷாட்டுண்ணா. கொடிய எடு.”

குழியில் நட்டிருந்த கொடியை எடுத்தாய். என் பேச்சை என்றைக்காவது தட்டியிருக்கிறாயா? பந்து விழுந்தது. கொடியைத் திரும்ப நட நீ குனிந்தாய். பக்கத்து மரத்தில் இடி விழுந்தது.

போட்டிக் கமிட்டி கேட்டபோது, பந்து குழியில் விழுந்த பிறகுதான் சைரன் கேட்டது என்றேன். கோப்பை எனக்கு வந்தது, வாட்ச்மேனுக்கு வேலை போனது. போன வாரம் அடுகோடி ஏரியாவில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “மன்னிச்சிடும்மா, நான் கொஞ்சம் முந்தியே ஊதியிருக்கணும்” என்றார். பாவி நான், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவரையே நம்ப வைத்துவிட்டேனே அண்ணா!

நாளைக்கு அதே குழி, அதே வானம். கொடியைப் பிடித்துக்கொண்டு அண்ணி நிற்பாள். ஒரு ஷாட் பாக்கி இருக்கும்போது சைரன் ஊதினால் நான் என்ன செய்வேன்? எனக்கே என்னை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அதனால் விடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவளிடம் சொல்லிவிட்டு, கமிட்டியிடமும் சொல்வேன். அடிப்பாளோ, முகத்திலேயே விழிக்காதே என்பாளோ, தெரியாது. கதவைத் திறக்கும்போது எப்போதும்போலச் சிரிப்பாள். சொல்லாமல் திரும்ப மாட்டேன், உன்மேல் சத்தியம்.

உன்னை அந்த மழையில் நிற்க வைத்த தங்கச்சி,
விஜி