அண்ணன் போட்ட படக் கார்டு

12 மார்ச், வியாழன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் பழைய தபால் படக் கார்டுகள் சேர்க்கும் பெண்ணிடம், அண்ணன் கிள்ளானிலிருந்து போட்ட கார்டைக் காட்டினேன். அது வந்தபோது எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு இல்லை. "பொங்கலுக்கு வீட்டுக்கு வா" என்று என் மனைவிதான் படித்துச் சொன்னாள்.

நான் இதைச் சொன்னதும் அந்தப் பெண் கார்டைத் திருப்பிப் படித்தாள். "அங்கிள், அப்படி இல்ல லா. இனி என் வாசலை மிதிக்காதேன்னு எழுதியிருக்கு."

மனைவி இறந்து ஒன்பது வருடம். இனி யாரைக் கேட்பது?

அந்தப் பொங்கலுக்குக் கரும்போடு போய் நின்றேன். கதவைத் திறந்த அண்ணன் வெகுநேரம் என்னையே பார்த்தார். ஏன் என்று இன்றுதான் தெரிகிறது. பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, "இன்னொரு இலை போடு" என்றார்.