மலை இல்லாத ஊர்

நீ சொன்ன ஊரில் மலை இல்லை. நேற்று மதியம் இரண்டரை மணிக்கு அந்த இத்தாலியச் சிற்றூரின் நகராட்சி அலுவலகம் அனுப்பிய மின்னஞ்சல் அப்படிச் சொல்கிறது. ஊர் முழுக்கச் சமவெளி. போ என்னும் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்கப் போட்ட கரைதான் அங்கே மிக உயரமான இடம். கோட்டை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வரைபடத்திலும் பார்த்துவிட்டேன்.

இத்தாலியிலிருந்து திரும்பிய மறுவருஷமே நீ போய்ச் சேர்ந்தாய். நீ சொல்லி நான் எங்கள் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளைப் புத்தகமாக்க நினைத்தேன். அட்டைக்கு அந்த மலையின் படம் ஒன்று கேட்டுத்தான் அவர்களுக்கு எழுதினேன்.

யார் என்ன சொன்னாலும் இன்னொருவரிடம் விசாரிக்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. உன் விஷயத்தில் மட்டும் அந்த வழக்கத்தை விட்டேன். நகரியில் ஒரே பெஞ்சில் படித்தவன், மாட்டுப் பண்ணை வேலைக்கு அவ்வளவு தூரம் போனவன், என்னிடம் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் போனில் நீ சொல்வாய், திருப்பதியில் நான் எழுதிக்கொள்வேன்.

"மலை எவ்ளோ உசரம்டா?"

"நீ இன்னா சர்வேயரா? ஏறிக்கினு போனா பாதியில குந்திக்கினு மூச்சு வாங்கணும். அவ்ளோ உசரம்னு போடு."

சிரித்துக்கொண்டே அப்படியே போட்டேன். கோட்டைக்காக இரண்டு அரசர்கள் அடித்துக்கொண்டார்கள் என்றாய். எல்லை மாறி, ஜனங்கள் வீட்டில் ஒரு பாஷையும் ஆபீசில் ஒரு பாஷையும் பேசுகிறார்கள் என்றாய். "நம்ம கதையேதான்டா." அந்த ஒரு வரியில் விழுந்தேன். வீட்டில் தமிழும் ஆபீசில் தெலுங்கும் பேசும் ஆந்திர எல்லைத் தமிழனை எதில் பிடிக்கலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் வடமாலபேட்டைக்குப் போய் உன் மனைவியிடம் மின்னஞ்சலைப் படித்துக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஊருக்குள்ள எங்கண்ணா போனாரு? மாட்டுக் கொட்டாயிலயே கெடந்தாரு, லீவே கெடையாது. நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க, அவரு சொல்லிக்கினே இருந்தாரு."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியும்ணா. உங்களுக்குத்தான்..." என்று நிறுத்தி, காபி போட எழுந்து போனார்.

மின்னஞ்சலில் இன்னொரு வரியும் இருந்தது. குளிர்காலம் முழுக்க மூடுபனியாம், நீட்டிய கை தெரியாதாம். விடியுமுன் பால் கறக்கப் போனவன் நீ, தினமும் அதில் நடந்திருப்பாய். இத்தனை ஞாயிறுகளில் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. எதிரே ஒண்ணும் தெரியலடா என்று சொல்லியிருந்தால் அதையும் அப்படியே போட்டிருப்பேன். போடாதே என்றால் போடாமலும் இருந்திருப்பேன்.

புத்தகத்தை நிறுத்திவிட்டேன். இந்த ஞாயிறு திருத்தம் வருகிறது, மூன்று வரி, என் பெயரில். ஆனால் அந்த மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்கு இன்னும் மனப்பாடம். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களின் பெயரை நகராட்சி பதிந்து வைக்குமாம். உன் பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்ததா என்று இன்று கேட்டேன். பழைய ஏடுகளைப் பார்த்து மாதக் கடைசிக்குள் சொல்கிறார்களாம். இருந்தது என்றாவது பதில் வரட்டும்டா.