பூவரசுக்குப் போட்ட விலை

8 அக்டோபர் 1973, திங்கள்

காலையிலிருந்து மூடாப்பு. மழை இல்லை. வடகம் காயவில்லை, உள்ளே எடுத்தாயிற்று.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே அளவுச் சங்கிலி பிடிக்க இரண்டு ஆள். புதுத் துறைமுகத்துக்குக் கல் லாரி போக ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். கடல் பக்கத்து வரிசை முழுக்கப் போகிறது. எங்கள் வீடும். அப்பா எனக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த இடம், பட்டா என் பேரில். அதனால் கையெழுத்தும் நான்தான் போட வேண்டுமாம்.

அவர் எழுதிக்கொண்டது: ஓட்டு வீடு. குசினி, ஓலைக் கூரை. சுற்றுச்சுவர். கிணறு (உப்புத் தண்ணீர் என்று தனியாகக் குறித்தார், விலை குறைக்கத்தான்). முருங்கை ஒன்று. பூவரசு ஒன்று, பெரியது.

"வேற எதுவும் இருக்காம்மா? விட்டுப்போச்சுன்னா பொறவு சேக்க முடியாது."

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பூவரசடியில் பிள்ளை கிடக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்ல?

வந்தவர்களுக்குக் காப்பி. மதினியிடம் வாங்கின சீனி ஒரு கரண்டி, திருப்ப வேண்டும்.

10 அக்டோபர், புதன்

வெயில். வடகம் காய்ந்தது.

புது மனை காட்ட எல்லாரையும் கூட்டிப்போனார்கள். உப்பளத்துக்கும் மேற்கே, வெறும் பொட்டல். சுண்ணாம்புக் கோடு போட்டு நம்பர் கல் நட்டிருக்கிறது. எங்களுக்கு 14. பிரகாசி மதினிக்கு 15. (மதினி இவருடைய அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் கடலோடு போனபிறகு எங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள்.)

மதினி இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஏ அய்யா, கடல் எங்கன இருக்கு?"

கூட வந்த கிளார்க் கிழக்கே கை நீட்டினான்.

"அங்கன மேகம்லா தெரியுது. நாங்க மேகத்துல வலை வீசணுமாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். திரும்பி வரும்போது மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

மகள் ரோசிக்குக் கால் செருப்பு அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

இரவு ஜெபமாலை. பாதியில், மூன்றாம் காரணிக்கத்தில், மனம் எங்கோ போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

11 அக்டோபர், வியாழன்

எழுதி வைக்கிறேன், யாருக்கென்று தெரியாமல்.

ரோசிக்கு மூத்தது. ஆண். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூச்சு இருந்தது, கொஞ்ச நேரம். அழவில்லை. மருத்துவச்சி என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகுதான் தண்ணீருக்கு ஓடினாள். குசினியில் நான் நிறைத்து வைத்த குடம். ஆபத்து நேரத்தில் யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம்தான், எல்லாருக்கும் தெரியும். செம்பில் மொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

தண்ணீர் படாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. உபதேசியார் வாசலில் நின்றே சொன்னார். மந்திரித்த மண்ணாம். "ஒங்க வளவுலயே பொதைச்சிருங்க. மனசத் தேத்திக்கோங்க."

இவர் தோணிப்பாய் தைக்கிறவர். புதுப் பாய்த்துணியில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக்கொண்டு போனார். விடியும் நேரம். நான் படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே பூவரசு தெரியும். அதன் அடியில் அவர் குழி மூடுவதைப் பார்த்தேன்.

அதிலிருந்து அந்த இடத்தில் குப்பை கொட்டவிட்டதில்லை. துணி காயப்போட்டதில்லை. கல்லறைத் திருநாளைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் விளக்கு வைக்கும். நானும் மாமியாருக்கும் அப்பாவுக்கும் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து இங்கே ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன். இவர் கூட வரமாட்டார். அங்கேயே மேலச்சுவர் ஓரம் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார். செத்தவர்கள் மத்தியில் பீடி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வருஷம் தவறாமல் சண்டை.

இப்போது இந்த மண்மேல்தான் லாரி போகப்போகிறது.

14 அக்டோபர், ஞாயிறு

காற்று. பூசை முடிந்து குருசடிக் கூட்டம். ரோட்டோரக் குருசடியும் அளவுக்குள் வருகிறது. ஆண்கள் போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. "குருசுல ஒரு கீறல் விழுந்தாலும் லாரி ஓடாது!" கடைசியில் பெரிய அதிகாரி ஒத்துக்கொண்டார். முதலில் புதுக் குருசடி கட்டுவார்கள், பவனியாகக் குருசை எடுத்துப்போய் வைத்த பிறகுதான் பழையதை இடிப்பார்கள். கைதட்டல்.

நானும் தட்டினேன். சரிதானே. சேசுவின் குருசு.

அவரவர் வீட்டு மண்ணுக்கு யார் பவனி வருவார்?

மீன் வாங்கவில்லை. பருப்புக் குழம்பு.

17 அக்டோபர், புதன்

மழை, லேசாக. குசினி ஒழுகியது. போகிற வீட்டுக்கு ஓலை மாற்றுவதா என்று விட்டுவிட்டேன்.

வரிசை முழுக்கக் கையெழுத்து ஆனால்தான் பணம் பட்டுவாடாவாம். எல்லாரும் போட்டாயிற்று. நான்தான் பாக்கி. கிணற்றடியில் பேச்சு காதில் விழுந்தது: "வெல ஏத்துதா. கணக்கு எழுதுத பொம்பளல்லா, சும்மா விடுவாளா?"

மதினி நேரே வந்துவிட்டாள். "ஏளா, என்ன நெனச்சிருக்க? ஒன் ஒரு கையெழுத்துக்கு நாங்க வாயப் பொளந்துகிட்டு நிக்கணுமா? மழ இறங்குதுக்குள்ள நான் அங்கன கூரை போடாண்டாமா?"

பூவரசைக் கை காட்டினேன்.

மதினி மரத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் முருங்கைக்கீரையை வாங்கி ஆய ஆரம்பித்தாள். "சாமிட்டப் போய்க் கேளு. இவரு புதுச் சாமி. பழைய ஆளு மாதிரி எரிஞ்சு விழமாட்டாரு."

சீனி திருப்பிக் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றாள்.

19 அக்டோபர், வெள்ளி

சாமியாரைப் பார்த்தேன். சின்ன வயது. என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லிமுடித்தேன்.

"அந்தச் சட்டமெல்லாம் மாறியாச்சும்மா. தாய் தகப்பன் ஞானஸ்நானம் கொடுக்கணும்னு நெனச்சிருந்தாலே போதும். எடுத்துட்டு வாங்க. நானே மந்திரிச்சு அடக்கம் பண்ணித் தாரேன்."

"எப்ப மாறிச்சு சாமி?"

"நாலஞ்சு வருஷம் ஆகுதே."

தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாதா சுரூபத்து முன்னால் சந்தோஷப்பட முழங்கால் போட்டேன். சந்தோஷம் வரவில்லை. நாலைந்து வருஷமாகக் கதவு திறந்திருந்தது, பிள்ளை வெளியே கிடந்தது, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சர்வேசுரா, இது முறைப்பாடு இல்லை. முறைப்பாடுதான்.

22 அக்டோபர், திங்கள்

வெள்ளிக்கிழமையே இவரிடம் சொன்னேன். முகம் தெளியும் என்று நினைத்தேன். ஊசியைக் கீழே வைத்தார், திரும்ப எடுத்தார்.

"இப்ப எதுக்கு அதக் கெளறிக்கிட்டு?"

"கெளறுததா? தார் ஊத்தப்போறாக! ஒங்க பிள்ள மேல!"

"அது சர்வேசுரன் கையில இருக்கு. கையெழுத்தப் போடு."

சனிக்கிழமை பட்டறையில் வேலை என்றார். நேற்று இடுப்பு வலி என்றார். இன்று ஒன்றுமே சொல்லாமல் கடற்கரைக்குப் போய்விட்டார். இந்த மனிதருக்குக் கல் நெஞ்சு என்று மனதில் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும், குறித்துக்கொள்கிறேன்.

பெட்டி செய்யத் தச்சர் சொன்ன கூலி அதிகம். வீட்டில் தேயிலைப் பெட்டி ஒன்று இருக்கிறது, சிறியது. கழுவிக் காயவைத்தேன். உள்ளே விரிக்க என் கல்யாணச் சேலையில் ஒரு முழம்.

25 அக்டோபர், வியாழன்

மழை விட்டிருந்தது. ரோசியை மதினி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே மண்வெட்டி எடுத்தேன்.

இவர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெஞ்சவில்லை. மேல்மண் ஈரம், கீழே வெறும் மணல். வேர். சிப்பி. முழங்கால் ஆழம் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினேன், பட்டுவிடக் கூடாதே என்று. இன்னும் ஆழம். இடுப்பளவு. பாய்த்துணியின் ஒரு நூல்கூட இல்லை.

வந்து என் கையைப் பிடித்தார்.

"போதும்ளா. அங்கன இல்ல."

"என்ன சொல்லுதீக?"

"அங்கன ஒண்ணுமே வைக்கல. நீ ஜன்னல் வழியாப் பாப்பன்னுதான் சும்மா ஒரு குழி தோண்டி மூடுனேன்."

பிறகு சொன்னார். உபதேசியார் போனதும் இவருக்கு மனம் கேட்கவில்லை. வீட்டில் குழி மூடுவதற்கு முன்னாலேயே, இருட்டு பிரியும்போது, கல்லறைத் தோட்டத்து மேலச்சுவர் ஏறிக் குதித்து, சுவர் ஓரம் கையாலேயே தோண்டி வைத்துவிட்டு வந்தார். எங்கள் அப்பா, இவர் அம்மா, ஊரில் எல்லாரும் படுத்திருக்கிற மண்ணில்.

குழிக்குள் நின்றபடியே கேட்டேன். "பன்னெண்டு வருஷம். ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வெள்ளிக்கிழம சாமிட்டச் சொல்லிருவ. சொல்லாம இருக்க ஒனக்குத் தெரியாது. அவுக தோண்டி வெளிய போட்டிருப்பாக."

சொல்லியிருப்பேன். அது உண்மை.

"நீ இங்கன நின்னு அழுவும்போதுலாம்…" என்று ஆரம்பித்தவர் மண்வெட்டியை எடுத்தார்.

குழியை இரண்டு பேருமாக மூடினோம். தேயிலைப் பெட்டியைக் குசினியில் பழைய இடத்தில் வைத்தேன். அடுப்பு மூட்டவில்லை. மதினி கஞ்சி கொடுத்துவிட்டாள்.

26 அக்டோபர், வெள்ளி

கோபம் இவர்மேல் இல்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. பன்னிரண்டு மெழுகுதிரி. வெறும் மணலுக்கு.

இல்லை, பன்னிரண்டு இல்லை. அம்மை கண்ட வருஷம் ஏற்றவில்லை.

சாமியார் கேட்டார், என்றைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று. "தோண்டிப் பாத்தோம் சாமி. ஒண்ணும் இல்ல." சொன்னது பொய் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. மண்ணோடு மண்ணாகியிருக்கும், பூசை வைக்கிறேன், காசு வேண்டாம் என்றார். நல்ல மனிதர்.

பாவசங்கீர்த்தனத்தில் புருஷனைக் கல் நெஞ்சு என்று நினைத்ததைச் சொன்னேன். மதினிமேல் எரிச்சல் பட்டதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது, சொன்னால் யாரும் தோண்டப்போவதில்லை, தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை. அது இவர் சுமந்தது. நான் எடுத்துக் கொடுக்க முடியாது.

29 அக்டோபர், திங்கள்

கையெழுத்துப் போட்டேன். பேனா கசிந்து விரலெல்லாம் மை. மதினி கையெடுத்துக் கும்பிட்டாள், அடிக்கிற மாதிரி ஓங்கினேன், சிரித்தாள்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு. பூவரசுக்குப் போட்ட விலை முருங்கையைவிடக் கொஞ்சம் அதிகம். "மரத்த நீங்களே வெட்டி எடுத்துக்கலாம்மா. வெறகுக்கு ஆகும்."

வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் சாமான் கட்டினேன். முதல் வண்டி: அண்டா, உரல், அலமாரி, மாதா படம். இரண்டாவது வண்டியில் மீதி. ஓடு இறக்க ஆள் சொல்லவேண்டும். ரோசி செருப்பு வாங்கியாயிற்று, தையல் நன்றாயில்லை.

2 நவம்பர், வெள்ளி. கல்லறைத் திருநாள்

14-ஆம் நம்பர் மனையிலிருந்து எழுதுகிறேன். ஓலைக் கொட்டகை. கடல் சத்தம் இல்லை, தூக்கம் பிடிக்கவில்லை. தண்ணீர் இங்கேயும் உப்பு.

கல்லறைத் தோட்டத்துக்கு இனிமேல் நடை அதிகம். மெழுகுதிரி வழக்கம்போல வாங்கினேன். மாமியாருக்கு வைத்தேன். அப்பாவுக்கு வைத்தேன். ஒன்று கையில் மிச்சம்.

கூட்டம் பூவும் ஊதுவத்தியுமாக. இவர் மேலச்சுவர் ஓரம் நின்றிருந்தார், பற்றவைக்காத பீடியோடு. தரையில் ஒரு அடையாளமும் இல்லை. கொஞ்சம் புல். இந்த இடத்தில் நின்றுதான் எத்தனை தடவை அவரைத் திட்டியிருக்கிறேன்.

மெழுகுதிரியை ஏற்றவில்லை. ஏற்றினால் ஊர் கேட்கும். முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நின்றார், நான் மிதித்துவிடாமல் நிற்க இடம் விட்டு.