இருபத்திரண்டு வயதுச் சாரணன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, என்னைத் தவிர உன் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, உன் தம்பி எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக இருக்கிறான். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், போன வாரம் போனில் நீ இருமியது எனக்கும் கேட்டது, வெந்நீர் குடி, குடித்தேன் என்று பொய் சொல்லாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை உன் அம்மா பிடித்தால் கடைசியில் என் கைக்கு வருவது ‘சரி, வைக்கட்டுமா’ என்கிற நேரம்தான். அதோடு இந்தச் சாரணர் படை விவகாரத்தை இதுவரை நீ அவள் வாயால்தான் கேட்டிருக்கிறாய், அவள் சொல்கிற கதையில் அவளை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசியதாக வராது. அதனால் முழுசாக எழுதிவிடலாம் என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து வந்தது ஒரே ஒரு ஆள், அவரும் மூக்குக் கண்ணாடியில் திருகாணி கழன்றதற்காக வந்தவர்.

நம் டிராயிங் மாஸ்டர் நடத்துகிற படையில் உன் தம்பி பத்து வயதில் சேர்ந்தது உனக்கு நினைவிருக்கும், முதல் முகாமில் அவன் அழுத அழுகைக்கு நீயும்தான் போய்ச் சமாதானம் சொன்னாய். அவனோடு சேர்ந்த பையன்கள் பதினெட்டு ஆனதும் ஒவ்வொருவராகப் போனார்கள், இரண்டு பேர் அதே படைக்கு உதவித் தலைவர்களாகத் திரும்பி வந்தார்கள், இவன் மட்டும் சாரணனாகவே நின்றான். மாஸ்டரும் வயதைக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இந்த வருஷம் மாவட்ட ஆணையராக ஒரு பல் டாக்டர் வந்தார். அணிவகுப்பைப் பார்வையிட வந்த மனிதர், தன் இடுப்பு உயரப் பிள்ளைகள் வரிசையில் மீசையோடு ஒருவன் விறைப்பாக வணக்கம் வைப்பதைக் கண்டு, இவர் யார், பிள்ளைகளில் ஒருவரின் அப்பாவா என்று மாஸ்டரைக் கேட்டாராம். விவரம் தெரிந்ததும், பதினெட்டுக்கு மேல் சாரணனாக இருக்க விதியில் இடமில்லை, மரியாதையாக விடைகொடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், உன் அம்மா கிளம்பிவிட்டாள். நீ அங்கிருந்து எழுதி அனுப்பிய நாலு பக்க மனுவை நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். உரிமை, சமத்துவம், பாகுபாடு என்று எந்த வக்கீலும் உன்னிடம் பாடம் கேட்கலாம் போலிருந்தது. அவளோ, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் படித்து முடிப்பதற்குள் பிள்ளைக்கு அறுபது வயதாகிவிடும் என்று சொல்லி, ‘எங்கள் பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள், என்றைக்கும் அவன் உங்கள் சாரணன்’ என்று இரண்டே வரியாக்கி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினாள். மருந்துக் கடைக்காரர் போட்டார், பள்ளிக்கூட வாட்ச்மேன் போட்டார், போடாவிட்டால் நகர மாட்டாள் என்று தெரிந்து தபால்காரர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போட்டார். எதற்கு என்று அவர் பிறகு என்னிடம் வந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பல் டாக்டர் பார்வை மங்கி நம் கடைக்கு வந்தார். அந்த மனிதர் கடைப்படி ஏறினால் சும்மா அனுப்பக் கூடாது என்று எனக்கு வீட்டில் முன்பே உத்தரவு. எல்லாரையும் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்க வைத்து, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேள்வி கேட்கிறவர் அவர். என் நாற்காலியில் உட்கார்ந்து, கண் சோதிக்கிற அந்தக் கனத்த ஃப்ரேமை மாட்டியதும் சாதுவாகிவிட்டார். வலது கண்ணை மூடி, ஒரு லென்ஸைப் போட்டு எழுத்தைப் படிக்கச் சொன்னேன், அடுத்த லென்ஸை எடுக்கிற இடைவெளியில் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். பிறவியிலிருந்தே எதையும் கற்றுக்கொள்ள அவனுக்குக் கூடுதல் நேரம் வேண்டும், கடிகாரம் பார்க்கவே வருஷக்கணக்கானது, இன்றைக்கும் சில நாள் செருப்பு கால் மாறிப் போகும், ஆனால் ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் இறங்காது, வாரத்தில் ஒரு நாள் அவனை ‘வா’ என்று கூப்பிடுகிற இடம் அந்தப் படை ஒன்றுதான் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்னதையும் எழுதுவதுதான் நியாயம். உங்கள் பையன் தங்கமானவன் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் வளர்ந்த ஆள் ஒருவன் சின்னப் பிள்ளைகளோடு கூடாரத்தில் தங்குகிறானே என்று நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள் என்றார். லென்ஸைக் கழற்றினேன். இடது கண்ணை மூடினேன்.

பிறகு பள்ளிக்கூட ஹாலில் கமிட்டி கூடியது. உன் அம்மா பேசினாள், மாஸ்டர் பேசினார், மருந்துக் கடைக்காரர் சம்பந்தமில்லாமல் தெருவிளக்கைப் பற்றிப் பேசினார். கடைசியில் டாக்டரே இறங்கி வந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இனி வயது வரம்பு இல்லை, எத்தனை வயதானாலும் சாரணனாகவே இருக்கலாம், முகாமுக்கு மட்டும் வழக்கம்போல் பெற்றோரில் ஒருவர் கூட வந்து தனிக் கூடாரத்தில் அவனோடு தங்க வேண்டும் என்று விதியைத் திருத்த ஒப்புக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். உன் அம்மா தேர்தலில் ஜெயித்தவளைப் போல நாலு பக்கமும் திரும்பித் தலையசைத்தாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து உன் தம்பி எழுந்து நின்று, “எனக்கு வேண்டாம்” என்றான். என்னப்பா வேண்டாம் என்று டாக்டர் கேட்டார். இவன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், பேச வார்த்தை தேடும்போது அவன் அப்படித்தான் செய்வான் என்று உனக்குத் தெரியும். “என்னோட சேர்ந்தவங்கெல்லாம் தலைவராயிட்டாங்க. நான் மட்டும் எதுக்கு எப்பவும் சின்னப் பையனாவே இருக்கணும்?” என்றான்.

தட்டிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினோமே, அவனை ஒருவர்கூடக் கேட்கவில்லை. உன் நாலு பக்கத்திலும் அவன் பேச்சு இல்லை, லென்ஸை மாற்றி மாற்றி நான் பேசியதிலும் இல்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உன் அம்மா வாயே திறக்கவில்லை. முப்பது வருஷமாக நான் காத்திருந்த அதிசயம் அது, ஆனால் அன்றைக்கு எனக்கு அதை அனுபவிக்க மனசு வரவில்லை.

அடுத்த வாரம் அவனாகவே டாக்டரின் கிளினிக்குக்குப் போனான். கூட வருகிறேன் என்று உன் அம்மா செருப்பை மாட்டினாள். “நீ பேசினா நீதான்மா தலைவராவே” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். டோக்கன் வாங்கி, முறை வரும்வரை காத்திருந்து, உள்ளே போய், பல்வலி இல்லை, உதவித் தலைவராக வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். வந்தவனை விடுவானேன் என்று அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாயில் ஒரு சொத்தையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தாராம். தலைவராவதற்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது, இவனுக்கு எழுதுவது ஆமை வேகம், அதுதான் சிக்கல். எழுதாமல் சொல்லிக் காட்டினால் ஆகாதா என்று இவன் கேட்டிருக்கிறான். டாக்டர் யோசித்தார். தலைவர்கள் தங்குவது தலைவர்களின் கூடாரத்தில், எந்தத் தலைவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. என் கடையில் அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு அதிலேயே பதில் வந்துவிட்டது. எழுத வராதவர் யாராக இருந்தாலும் சொல்லியும் செய்தும் தேர்வு கொடுக்கலாம் என்று மறுபடி கமிட்டியைக் கூட்டித் திருத்தினார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை விதியைத் திருத்திய ஆணையர் இவர் ஒருவர்தான் என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

முதல் தேர்வில் உன் தம்பி தோற்றுவிட்டான். போனில் உன் அம்மா இதைச் சொல்லியிருக்க மாட்டாள். முடிச்சு போட்டான், கூடாரம் அடித்தான், நெருப்பு மூட்டி ஒழுங்காக அணைத்தும் காட்டினான். முகாமில் ஒரு பையன் விழுந்து காலில் அடிபட்டால் முதலில் என்ன செய்வாய் என்று டாக்டர் கேட்டார். இவன் கொஞ்சமும் தயங்காமல், எங்கம்மாவைக் கூப்பிடுவேன் என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இத்தனை வருஷ முகாம்களில் யார் விழுந்தாலும் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், மாஸ்டரே தன் விரலை வெட்டிக்கொண்டபோது உன் அம்மாவைத்தான் கூப்பிட்டார். மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார், டாக்டர் அசையவில்லை, எல்லாரையும் போலத் தலைவராக வேண்டும் என்று கேட்டது அவன்தானே, எல்லாருக்கும் ஒரே தேர்வுதான், அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள் என்றார். உன் தம்பி சொன்ன பதிலைக் கேட்டபோது உன் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை தோற்றதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது, உதட்டோரத்தில் பெருமையும் நிற்கிறது, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து உன் அம்மா தினமும் வீட்டு ஹாலில் விழ ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் கடை மூடி வந்தால் சோபாவுக்குப் பக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். முதல் நாள் நான் நிஜமென்று பதறிப்போய்க் குனிந்தேன், தள்ளி நில்லுங்க, நான் பத்து வயசுப் பையன் என்று அதட்டினாள். உன் தம்பி ஓடி வருவான், காலைப் பார்ப்பான், பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி “அம்மா” என்று கூப்பிடுவான். அவள் தரையில் கிடந்தபடியே, “அம்மா இங்க இல்லடா” என்பாள். மறுபடி முதலிலிருந்து. அடிபட்ட காலை அசைக்காதே என்று சொல்ல வேண்டும், இன்னொரு தலைவரைக் குரல் கொடுத்துக் கூப்பிட வேண்டும், டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும், மற்றப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். மற்றப் பிள்ளைகளாக நான் ஒருவன்தான், என்னைத் தினமும் சுவரோரம் தள்ளி நிறுத்தினான். அம்மா இங்க இல்லடா என்பதை அவள் அத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள், அடிபட்ட பையன் அப்படித்தான் கிடப்பான் என்று காரணம் சொன்னாள். நானும் நம்பியதாகவே இருந்துவிட்டேன். ஒரு நாள் இவன் சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அவள் பக்கத்தில் மண்டியிட்டு, காலை ஆட்டாதே தம்பி என்றான்.

இரண்டாம் தடவை தேறிவிட்டான். டாக்டர் எழுந்து வந்து இடது கையால் கைகுலுக்கி, சாரணர் வழக்கம் அதுதானே, தலைவர்களுக்கான ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டார். இரண்டு நாள் அதைக் கழற்றாமலேயே தூங்கினான்.

இன்று காலைதான் முகாமுக்குப் பேருந்து கிளம்பியது. முந்தின நாளே அவன் பையில் உன் அம்மா பிஸ்கட், தைலம், கூடுதலாக ஒரு போர்வை எல்லாம் திணித்தாள், அவன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான், தைலத்தை மட்டும் விட்டுக்கொடுத்தான். பெற்றோர் வரக் கூடாது என்பது இவனுக்கும் சேர்த்துத்தான், அதை அவனே நாலு தடவை நினைவுபடுத்திவிட்டான். பள்ளிக்கூட வாசலில் முதல் தடவையாகப் பிள்ளையை அனுப்புகிற அம்மாக்கள் ஒரு வரிசையாக நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள், வரிசைக் கடைசியில் உன் அம்மா. ஒரு பொடியன் தன் அம்மாவின் கையை விடாமல் அழுதான். உன் தம்பி பேருந்திலிருந்து இறங்கி வந்து, அழாதே என்று சொல்லாமல் அவன் பக்கத்தில் சும்மா நின்றான், அழுகை குறைந்ததும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பிறகு படியில் நின்றபடி அந்த வரிசை முழுவதையும் பார்த்து, “அம்மாங்கெல்லாம் வீட்டுக்குப் போங்க. நான் இருக்கேன்ல” என்றான். எல்லாரையும் பார்த்துச் சொன்ன மாதிரியேதான் உன் அம்மாவையும் பார்த்துச் சொன்னான். பேருந்து போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், வா என்று நான் கூப்பிட்டதும், எனக்குத்தான் சொன்னான், கேட்டீங்களா என்றாள். கேட்டேன் என்றேன்.

வீட்டுக்குப் போக மனசில்லாமல் கடைக்கு வந்து, துடைத்த ஃப்ரேமையே துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், உன்னைப் புகழ்ந்துதான் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. எங்கள் காலத்துக்குப் பிறகு தம்பியை உன்னோடு அழைத்து வைத்துக்கொள்வதாகவும், அதற்காக இப்போதே ஓர் அறையை ஒழித்துவிட்டதாகவும், சுவருக்கு நீலம் அடிக்கட்டுமா, பச்சை அடிக்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, உன்னைப் போல ஒரு பெண் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சுவரின் நிறத்தை என்னைக் கேட்ட நீ, அவனை ஒன்றுமே கேட்கவில்லையே அம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவான். நீயே கூப்பிட்டு, முதலில் வருகிறாயா என்று கேள், நிறமெல்லாம் அப்புறம். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அவன் பதிலை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிற காலம் போய்விட்டது, அதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். வெந்நீரை மறக்காதே. போனில் அவனைக் குட்டிப்பையா என்று கூப்பிடாதே, பக்கத்தில் படைப் பையன்கள் இருந்தால் மானம் போகிறதாம்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா