குறட்டைத் தேரையும் வாத்துத் தேரையும்

அறியத்தருகிறேன்: ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகவும், லண்டன் பார்க்கிங் பகுதியை முன்னாள் வதிவிடமாகவும், கிங்ஸ்பரியில் உன் அறையைப் பிந்திய வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் தேரை அவர்கள், கடந்த செவ்வாய்க்கிழமை முதன்முறையாக வாய் திறந்து தன் இனத்தை அறிவித்துவிட்டார். உற்றார், உறவினர், தவளைகள் அனைவரும் இதை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: நான்.

உன் மரண அறிவித்தலை வீட்டார் எழுதியபோது பகிடிக்கு ஒரு வரிகூட விடமாட்டோம் என்றார்கள். அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

காலையில் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்தேன். அடியில் பரப்பிய தேங்காய்த் தும்பு நனைந்து மணம் எழும்பியது. உன் அறையின் மணம். 'தேரை மோந்த தேங்காய் என்பார்கள், இது தேங்காய் மோந்த தேரை' என்று நான் சொன்னதற்கு நீ தலையணையால் எறிந்தது ஞாபகம் வந்தது.

இதை வாங்கப் போன நாள் வெம்பிளிக் கோயிலில் தேர். உன் அம்மா வாசலில் மறித்தார்.

"எங்கை ரெண்டு பேரும் வெளிக்கிட்டியள்?"

"தேரைப் பாக்கப் போறம், அம்மா" என்றாய் நீ.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அன்ரிக்கு வந்த சந்தோசத்தில் இரண்டு பேருக்கும் வேட்டி கட்டி, திருநீறும் பூசி அனுப்பினார். அந்தக் கோலத்திலேயே ரயில் மாறிப் பார்க்கிங் போய், தேரை விற்ற மனிதரின் கதவைத் தட்டினோம். நன்கொடைக்கு வந்தவர்கள் என்று நினைத்து அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். திரும்பி வந்தபோது, "தேர் வடிவோ?" என்று அன்ரி கேட்டார். "ஓம். முதுகுதான் கொஞ்சம் சொரசொரப்பு" என்றாய். உன் கையிலிருந்த பெட்டி அசைந்தபோதுதான் அன்ரிக்கு இரண்டாம் வேற்றுமை விளங்கியது.

விற்றவர் வெறுமனே 'ஆபிரிக்கத் தேரை' என்றார். உனக்கு அது போதவில்லை. ஆபிரிக்காவின் தெற்கில் மட்டுமே உரித்து வைத்தாற்போல் சில இனங்கள். ஒன்றுக்குத் தலையில் வெளிர் சிலுவை, தொடையில் சிவப்பு. இன்னொன்றுக்குக் கண்களுக்கு நடுவே கறுப்புப் பட்டை, தொடையில் சிவப்பில்லை. எங்களுடையதற்கோ பாதிச் சிலுவை. தொடையில் இருப்பது சிவப்பா, மேசை விளக்கின் வேலையா என்று ஒரு கிழமை சண்டை பிடித்தோம். விஞ்ஞானிகளே இவற்றை முதலில் பூஃபோ என்ற பேரினத்தில் போட்டு வைத்திருந்துவிட்டு, பிறகு பிரித்தெடுத்து ஸ்க்ளெரோஃப்ரிஸ் ஆக்கினார்கள். சுவிஸிலிருந்து லண்டன் வந்ததும் பெயரில் எழுத்து மாறிய உனக்கு அதில் தனி அனுதாபம்.

கடைசியில் சத்தம்தான் சாட்சி. ஒன்று குறட்டை விடும், மற்றது வாத்துப்போலக் கரகரக்கும். குறட்டைத் தேரை, வாத்துத் தேரை என்று நாங்களே பெயர் வைத்தோம்.

"தவளை தன்ரை வாயாலை கெடும். தேரை தன்ரை வாயாலை பேரெடுக்கும், மச்சான்" என்றாய்.

ஆனால் அது வாயே திறக்கவில்லை. கத்துவது ஆண்தான். ஆணென்றால் தொண்டை கறுக்கும். ஞாயிறு தோறும் நீ அதைத் தூக்கித் திருப்பிப் பார்ப்பாய். "வெள்ளைதான். எங்களை மாதிரி, இன்னும் மீசை முளைக்கேல்லை."

மாசியில் உனக்கு முட்டு கடுமையாகி, மூச்சு இழுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாய். உன் சப்பாத்தும் மருந்து இழுக்கும் பம்பும் மட்டும் வீட்டுக்கு வந்தன. அன்ரி தொட்டியை என்னிடம் தந்தார்.

"இது என்ன இனமெண்டு தெரியாமலே போயிட்டான், தம்பி. நீராவது கண்டுபிடியும்."

அதனால் கல்லூரிக்குப் போகும்போது தொட்டியருகே பழைய போனைப் பதிவுக்கு வைத்துவிட்டுப் போவேன். செவ்வாய் பின்னேரம் கேட்டால், அருமையான, சீரான குறட்டை! உடனே அன்ரிக்குப் போன் அடித்தேன். "குறட்டைத் தேரைதான் அன்ரி. நான் அப்பவே நினைச்சனான்!" அவர் கொஞ்சம் அழுதார். பிறகு சுவிஸ் முழுக்கப் போன் போட்டுச் சொன்னார். நான் வாட்ஸப்பில் என் பெயருக்குக் கீழே 'தேரை நிபுணர்' என்று போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை அன்ரி இடியப்பப் பார்சலோடு வந்தார். "எங்கை, ஒருக்காப் போடும்." போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொருக்காப் போடச் சொன்னார்.

"தம்பி, வீட்டிலை பகலிலை ஆர் படுக்கிறது?"

"அப்பா. நைட் ஷிப்ட். தொட்டிக்குப் பக்கத்திலை, இந்த செற்றியிலைதான்..."

"குறட்டை விடுற மனிசனோடை இருவது வருசம் குடும்பம் நடத்தினனான். தேரையோ ஆளோ எண்டு எனக்குத் தெரியாதோ?"

அவர் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அப்பா இறங்கி வந்து என்ன என்று கேட்டார். நான் போனைப் பொக்கெற்றுக்குள் வைத்தேன். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குக் கிட்டப் போனார்.

"சரி, தொண்டையைப் பாத்தனீரோ? கறுத்திட்டுதோ?"

மச்சான், நிபுணர் பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் தூக்க வேண்டும். எப்போதும் தூக்கியது நீ, பக்கத்தில் நின்று பகிடி விட்டது நான். இன்றுவரை அதை நான் தொட்டதே இல்லை. பூச்சியைக்கூட அம்மாவின் நீளக் கரண்டியால்தான் போடுகிறேன்.

"அது இப்ப நித்திரை, அன்ரி" என்றேன்.

அது கண்ணை முழித்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.