சுவருக்குள் உப்புத் தண்ணீர்

மார்ச் 4
தொட்டிக்காரர் வந்து, ஹாலுக்கும் அக்கா அறைக்கும் நடுவில் உள்ள சுவரைத் தட்டிப் பார்த்தார். "மேல் பாரம் இதுல இறங்கல மேடம், தைரியமா வெட்டலாம்." சுவருக்குள் பதிக்கும் மீன் தொட்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி. தீனி போட, சுத்தம் செய்ய மட்டும் ஒரு பக்கம் சின்னக் கதவு வேண்டுமாம். அக்கா பக்கமே வைக்கச் சொன்னேன். ஹால் அழகாக இருக்கட்டும் என்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டார். அழகாவது மண்ணாவது! தினமும் ஒரு வேலை இருந்தால் அக்கா கட்டிலை விட்டாவது எழுந்திருப்பாள். கண்ணாடி வழியாக நான் அவள் முகத்தையாவது பார்ப்பேன்.

மார்ச் 5
அக்கா வீட்டுக்காரர், என் மாமா, வேலை பார்த்த கப்பல் திரும்பி வந்தது, மாமா வரவில்லை. அன்று கதவைச் சாத்தியவள்தான் அக்கா. சாப்பாட்டை வாசலில் வைப்பேன், தட்டு காலியாக வெளியே வரும். கதவோடு பேசிப் பேசி என் வாய்தான் வலிக்கிறது. இன்று தொட்டி விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து குரல்.
"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"
"உப்புத் தண்ணிதான்க்கா."
"சரி, வை."
இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சமையலறைக்குப் போய் அழுதேன்.

மார்ச் 19
சுவரை வெட்டியாயிற்று. தலையணைக்குள்கூட தூசி.

மார்ச் 28
தொட்டிக்காரருக்கு மட்டும் அக்கா கதவைத் திறந்தாள். தண்ணீர் நிரப்பி, உப்புக் கலந்து, கடலில் கிடந்த கற்களை அடுக்கியிருக்கிறார். 'லைவ் ராக்' என்று பெரிய பேர்; பார்த்தால் ஓட்டை விழுந்த எலும்பு. தண்ணீர் பக்குவப்படும்வரை மீன் விடக்கூடாதாம்.

ஏப்ரல் 2
அக்கா தீனி போடுகிறாள். மீனே இல்லை!
"யாருக்குக்கா போடற?" என்று ஹாலிலிருந்து கத்தினேன்.
வாயில் விரலை வைத்துச் சிரித்தாள். எவ்வளவு நாள் ஏங்கிய சிரிப்பு. ஆனாலும் தொட்டிக்குள் மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்தேன்.

ஏப்ரல் 6
டக். டக் டக்.
தண்ணீருக்குள்ளிருந்துதான். அக்கா கண்ணாடியை நகத்தால் தட்டினாள் — உள்ளிருந்து திரும்பத் தட்டியது. "உங்க மாமாடி," என்றாள், கதவுக்குப் பின்னாலிருந்து.

ஏப்ரல் 7
தொட்டிக்காரருக்கு போன் செய்தால் சிரிக்கிறார். "கல்லு ஓட்டைக்குள்ள ஒரு இறால் ஒளிஞ்சு வந்திருக்கும் மேடம். கொடுக்கைச் சொடுக்கினா அப்படித்தான் சத்தம் வரும். பிடிச்சிடலாம்."
அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது.

ஏப்ரல் 9
பிடித்துவிட்டார். விரல் நீளம்கூட இல்லை, ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. பாட்டிலில் போட்டு அக்காவிடம் காட்டினோம். வெகுநேரம் பார்த்தாள். "இதுகிட்டயா நான் இத்தனை பேசினேன்?" என்று கேட்டு ஓவென்று அழுதாள். அவளிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் பிறகு தானாக எழுந்து ஹாலுக்கு வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்!

ஏப்ரல் 20
அக்கா இன்றிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். அவள் போனதும் அறையைக் கூட்டிப் பெருக்கினேன். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் ஹால் எங்கோ தள்ளி, பச்சையாகத் தெரிகிறது.
டக்.

ஏப்ரல் 21
தொட்டிக்காரர் ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து உதறினார். ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கற்களையும் கொண்டுபோய்விட்டார். நான் அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.
இப்போது வெறும் தண்ணீர். அதுவும் தட்டுகிறது.

ஏப்ரல் 30
விளையாட்டுக்குத்தான் "மாமாவா?" என்று கேட்டேன். சத்தமில்லை. சரிதான் போ என்று என்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ஆபீஸ், இடுப்பு வலி, அக்கா இல்லாமல் நான் தனியாகச் சாப்பிட்ட நாட்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. கடைசி விஷயத்துக்கு மட்டும் மெதுவாக, இரண்டு.
பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வீட்டில் என் பேச்சுக்கு யார் பதில் சொன்னார்கள், இதுவரை?

மே 14
அக்கா ஹாலில் நின்று தொட்டிக்காரரோடு போனில் பேசுகிறாள். "இன்னைக்கே வந்து தண்ணிய எடுத்துடுங்க. என் தங்கச்சி அந்த ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேங்கிறா." கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து அழுகிறாள். பாவம், அழுது அழுது முகம் வீங்கிவிட்டது. இப்போது கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தட்டினால் நான் யாருக்கென்று பதில் சொல்வது? தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, தண்ணீர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.